நம் தெருக் கழிவுநீரும் கீழே இருக்கும் சதுப்புநிலமும்

உங்கள் மனைப்பிரிவில் 120 வீடுகள் இருக்கின்றன, பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை, செப்டிக் டேங்குகளிலிருந்து வழியும் நீர் மழைநீர் வடிகாலில் கலந்து ஏரிக்குள் இறங்குகிறது, ஏரி நிரம்பும் நாள்களில் அதுவே கலங்கல் தாண்டித் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரை போய்ச் சேருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கத்தின் செலவிலேயே ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமா, கட்டினால் கீழே இருக்கும் சதுப்புநிலத்துக்கு உண்மையில் பயன் உண்டா, அல்லது உங்கள் கூட்டத்தில் சிலர் சொல்வதைப் போல இயற்கையான வடிகட்டியாகிய சதுப்புநிலத்திடமே அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம், கட்டத்தான் வேண்டும். ஆனால் எதைக் குறைப்பதற்காகக் கட்டுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறு நிலையங்களில் பெரும்பாலானவை பி.ஓ.டி. என்ற ஒரே ஓர் எண்ணைக் குறைப்பதற்காகக் கட்டப்படுகின்றன; நீரில் உள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பதைக் காட்டும் எண் அது. சதுப்புநிலத்தைக் கெடுப்பவற்றில் பி.ஓ.டி. ஒரு பகுதிதான், அதைவிட நீண்ட காலத்துக்குக் கெடுதல் செய்பவை அம்மோனியாவும், பாஸ்பரஸும், பருவம் தவறி வரும் தண்ணீரும்.

முதலில் அளவைப் பார்ப்போம். வீட்டுக்கு நாலரைப் பேர் என்று வைத்தால் 540 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் நம் நாட்டில் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அந்தக் கணக்குப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 58,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லாரி. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரஜன் இருப்பது சாதாரணம். அப்படியானால் உங்கள் தெருக்களிலிருந்து நாளுக்கு 2.9 கிலோ, ஆண்டுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் நைட்ரஜன் வெளியேறுகிறது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், 45 கிலோ யூரியா மூட்டைகள் ஐம்பதை ஆண்டுதோறும் ஏரிக்குள் பிரித்துக் கொட்டுவதற்கு இது சமம். இதை உங்கள் கூட்டத்தில் இப்படியே சொல்லிப் பாருங்கள், பி.ஓ.டி. என்றால் புரியாதவர்களுக்கும் மூட்டைக் கணக்கு உடனே புரியும்.

அந்த நைட்ரஜன் முழுவதும் ஏரிக்கு வந்து சேராது. ஒரு பகுதி மண்ணில் தங்கும், ஒரு பகுதி வாயுவாகப் போகும். வந்து சேருவதில் பெரும்பகுதி அம்மோனியாவாகவே வருகிறது. அம்மோனியாவுக்கு ஒரு குணம் உண்டு. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஓரளவு தீங்கற்ற அம்மோனியம், மற்றொன்று மீனின் செவுளைத் தாக்கும் தனி அம்மோனியா. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதை வெப்பமும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 9 ஆகும்போது ஏறக்குறைய பாதி நச்சாக மாறிவிடும். ஏரியில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்ளுங்கள். காலையில் நச்சுப் பகுதி 0.02 மில்லிகிராமைத் தொடாது. உச்சி வெயிலில், பச்சைப்பாசி மண்டிய நீரில், பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறிப் பிற்பகலில் 9ஐத் தொடும். அப்போது அதே நீரில் நச்சுப் பகுதி 0.9 மில்லிகிராம் ஆகிவிடும். மீன் வளர்ப்பவர்கள் 0.05ஐயே எச்சரிக்கை எல்லையாகக் கொள்கிறார்கள். கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் கெண்டைகள் மறைந்து, கடைசியில் ஜிலேபியும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் கெளுத்தியும் மட்டும் மிஞ்சுவதற்கு ஆக்ஸிஜன் குறைவோடு இதுவும் ஒரு காரணம்.

அம்மோனியாவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், செலவு குறைந்தது, மின்சாரம் வேண்டாதது என்று பலரும் உங்களுக்குப் பரிந்துரைக்கப்போகும் காற்றில்லா முறை அதைத் தொடுவதே இல்லை. படிவுத் தொட்டி, அதன் பின் தடுப்பறைகள் கொண்ட காற்றில்லாத் தொட்டி, அதன் பின் செடி நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் ஒரு திறந்த குட்டை என்ற இந்த வரிசை நம் நாட்டில் டிவாட்ஸ் என்ற பெயரில் பரவியிருக்கிறது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை உள்பட பல இடங்களில் நன்றாக ஓடுகிறது. எனக்கு இந்த முறை மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் காற்றில்லாத் தொட்டியில் நடப்பது கரிமப் பொருள் மீத்தேனாக மாறுவது மட்டுமே. புரதமும் யூரியாவும் அங்கே உடைந்து அம்மோனியா ஆகின்றன; உள்ளே போனதைவிடச் சற்று அதிகமாகவே அம்மோனியா வெளியே வரும். தண்ணீர் படுத்த வாக்கில் ஓடும் சாதாரண ஜல்லிப் படுகைக்குள் காற்று போதிய அளவு நுழையாததால் அதுவும் பெரிதாக உதவாது. பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக, அம்மோனியா மட்டும் 40 மில்லிகிராம் என்று வரும் ஆய்வறிக்கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இதில் முழுத் துணை செய்வதில்லை. மத்திய அரசின் 2017 அக்டோபர் அறிவிக்கை சென்னை போன்ற பெருநகரங்களுக்கு லிட்டருக்கு பி.ஓ.டி. 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 50 மில்லிகிராம், மலக் கோலிபார்ம் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 1,000 என்று வரையறுத்தது. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் எல்லை எதுவும் வைக்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் அதைக் கடுமையாக்கி, லிட்டருக்கு பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்றது. ஏரிக்கு மேலே கட்டுபவர்கள் இரண்டாவதையே இலக்காக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இனி என்ன கட்டுவது என்பதற்கு வருகிறேன். வீடுகளில் இருக்கும் செப்டிக் டேங்குகளை இடிக்க வேண்டாம். அவற்றைச் சரிசெய்து, வழிவுநீரை மட்டும் ஆறு அங்குலக் குழாய்களில் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய திடப்பொருள் எல்லாம் வீட்டிலேயே தங்கிவிடுவதால் குழாய் அடைப்பது குறையும். சேரும் இடத்தில் இரண்டு அறைப் படிவுத் தொட்டியும் தடுப்பறைத் தொட்டியும், அதன் பின் செங்குத்துப் படுகையும் அமையுங்கள். செங்குத்துப் படுகை என்பது, மேற்பரப்பில் பரவலாக ஊற்றப்படும் நீர் 60 முதல் 80 சென்டிமீட்டர் ஆழமுள்ள பருமணல் வழியாகக் கீழே இறங்கி, அடியில் உள்ள ஜல்லியில் வடிந்து வெளியேறுவது. இதில் முக்கியம் விட்டுவிட்டு ஊற்றுவதுதான். ஒருமுறை ஊற்றிய நீர் இறங்கும்போது தன் பின்னால் காற்றை மணலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்றில்தான் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரைக் கிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், தண்ணீர் தேங்கி நிற்கும் படுகை இந்த வேலையைச் செய்யவே முடியாது. வெளியே வரும் நைட்ரேட் நீரில் பாதியைத் திரும்பப் படிவுத் தொட்டிக்கே அனுப்பினால், அங்கே ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இதற்கு ஒரு சிறு பம்பு போதும். நிலம் சரிவாக இருந்தால் ஊற்றுவதற்குப் பம்புக்குப் பதில் சைபன் வைக்கலாம். தென்சென்னையின் தட்டையான நிலத்தில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். குளிர்நாடான பிரான்சில் ஆளுக்கு 2 சதுர மீட்டர் வரை எடுக்கிறார்கள். நம் வெயிலில், முன்னால் தடுப்பறைத் தொட்டியும் இருக்கும்போது, 1.5 சதுர மீட்டர் பாதுகாப்பான கணக்கு. உங்கள் 540 பேருக்கு 810 சதுர மீட்டர், அதாவது 20 சென்ட், மூன்றரை கிரவுண்டுக்குச் சற்று அதிகம். இதை நான்கு பாத்திகளாகப் பிரித்து, முறைவைத்து ஒன்றுக்கு ஓய்வு கொடுங்கள். நீர் மணலுக்கு மேலே தேங்காததால் கொசு வராது. நாணலோ கல்வாழையோ நடலாம். செடி அழுக்கை உறிஞ்சிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அதன் முதல் வேலை, வேரும் தண்டும் அசைந்து மணல் மேற்பரப்பு இறுகாமல் பார்த்துக்கொள்வது.

அவ்வளவு இடம் இல்லை, இரும்புப் பெட்டிக்குள் காற்றூதும் ப்ளோயர் வைத்த எந்திர நிலையம் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது தவறான தொழில்நுட்பம் அன்று. ஆனால் அதை இரவும் பகலும் ஓட்டுபவர் வேண்டும். ஒரு குடியிருப்பில் காலை பதினொரு மணி மாதிரிகள் எப்போதும் நன்றாகவே வந்தன, ஏரி மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றபோதுதான் தெரிந்தது, மின்கட்டணத்துக்காகவும் சத்தத்துக்காகவும் இரவு பத்து மணிக்கே ப்ளோயரை அணைத்துவிடுகிறார்கள் என்று. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. தினமும் எட்டு மணி நேரம் மூச்சுத் திணறவைத்தால் அவை அந்தத் தொட்டியில் நிலைக்காது.

சதுப்புநிலமே வடிகட்டிதானே என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களை உதாரணம் காட்டுவார்கள். 12,500 ஹெக்டேர் பரப்பில், நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீனும் காய்கறியும் நெல்லும் விளைவிக்கும் அந்த இடம் உண்மையிலேயே பெருமைக்குரியது. அதன் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருவஜோதி கோஷ், 2002இல் அது ராம்சர் தளமும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் உள்ள இடமும், ஆனது. ஆனால் அங்கே கழிவுநீர் தானாக வந்து விழுவதில்லை. பேரி எனப்படும் ஆழம் குறைந்த குளங்களை வற்றவைத்து, உழுது, வெயிலில் காயவிட்டு, பின் மதகைத் திறந்து அளவாகக் கழிவுநீரை விட்டு, அது தெளியும்வரை காத்திருந்துதான் மீன்குஞ்சு விடுகிறார்கள். அலையடித்துக் கரை கரையாமல் இருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையைக் கட்டி வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் கையால் நடத்தும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் அது. பள்ளிக்கரணையில் மதகை யார் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள்?

நமக்குப் பொருத்தமான பாடம் கலிஃபோர்னியாவின் ஆர்க்கேட்டா என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே 1986 முதல் கழிவுநீர் ஆக்ஸிஜனேற்றக் குளங்களைக் கடந்து, சுத்திகரிப்புக்கென்றே வெட்டப்பட்ட சதுப்புகளுக்குப் போய், அதன் பிறகே பறவைகளுக்கும் மக்களுக்கும் உரிய சதுப்புகளுக்குள் விடப்படுகிறது. அழுக்கை வாங்கும் சதுப்பு வேறு, உயிர்களை வாழவைக்கும் சதுப்பு வேறு என்று அவர்கள் பிரித்துவைத்ததுதான் முக்கியம். நீங்கள் மேலே கட்டும் மணற்படுகை அந்த முதல் சதுப்பு. பள்ளிக்கரணையை முதல் சதுப்பாக்கிவிடக் கூடாது.

பாஸ்பரஸ் விஷயத்தில் இது இன்னும் உறுதியாகப் பொருந்தும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் ஈரநிலத்தில், மேலே இருந்த பண்ணைகளிலிருந்து வந்த பாஸ்பரஸ் காரணமாக அந்த நிலத்துக்கே உரிய வாள்புல் அழிந்து, பெரும் பரப்பில் சம்பு என்ற கோரை மண்டியது. அங்கே இப்போது சட்டம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் கழிவுநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் அது 800 மடங்கு. நம் சதுப்புக்கு அதே எல்லை பொருந்தாது என்றாலும், சம்பும் ஆகாயத்தாமரையும் திறந்த நீரை மூடுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். திறந்த நீர் மூடினால் வாத்துகளுக்கு இறங்க இடமில்லை. நுண்ணுயிர் முறைகள் பாஸ்பரஸை மிகக் குறைவாகவே எடுக்கும். புது ஜல்லியும் மணலும் சில காலம் பிடித்துவைத்துப் பின் நிறைந்துவிடும். இரசாயனம் போட்டுப் படியவைக்கலாம், ஆனால் கசடு பெருகும். சிறு சமூகத்துக்கு உகந்த வழி, தண்ணீரை ஏரிக்கு அனுப்பாமல் நிலத்திலேயே செலவழிப்பதுதான். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால் ஒரு ஏக்கர் பயிர் 24,000 லிட்டர் குடிக்கும். உங்கள் 58,000 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் தென்னையோ, வாழையோ, கம்பு நேப்பியர் புல்லோ போதும். புல்லை அறுத்து மாட்டுக்குக் கொடுக்கும்போது பாஸ்பரஸும் அதோடு வெளியேறுகிறது. இடம் போதாவிட்டால் பூங்காவுக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் மறு குழாய் போடுங்கள்.

இதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. நம் ஏரிகளும் சதுப்புகளும் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, சித்திரை, வைகாசியில் சுருங்குபவை. நீர் பின்வாங்கும்போது வெளிப்படும் சேற்றில்தான் உள்ளான்களும் மற்ற கரைப்பறவைகளும் இரை தேடுகின்றன. ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்துகொண்டிருந்தால், அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், அந்தச் சேற்றுப்பரப்பு காயாமலும் வெளிப்படாமலும் போகும். சம்புக்கு அது கொண்டாட்டம். கோடையில் உங்கள் தண்ணீரை நிலம் குடித்துவிடுகிறது. மழைக்காலத்தில் பாசனம் தேவைப்படாதபோது மட்டும் சுத்திகரித்த நீர் ஏரிக்குப் போகிறது, அப்போது அதைக் கரைக்க ஏரியில் போதிய மழைநீரும் இருக்கிறது.

கிருமி நீக்கத்துக்கு ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. ஏரிக்குப் போகும் நீரில் அதைச் செய்யாதீர்கள். குளோரின் மிச்ச அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகும். அது மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நஞ்சு. மணற்படுகையில் இறங்கிய நீர் தெளிவாக இருப்பதால் புற ஊதா விளக்கு வேலை செய்யும். பாசனத்துக்கு மட்டும் என்றால் மண்ணுக்கடியில் சொட்டுக்குழாய் போட்டு, ஆள் கை படாமல் பார்த்துக்கொள்ளலாம்.

கசடு பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. சிறு நிலையங்கள் பெரும்பாலும் சாவது இதனால்தான். ஒருமுறை, தொடங்கி நாலு ஆண்டு ஆன ஒரு படுகையில் தண்ணீர் இறங்கவில்லை என்று அழைத்தார்கள். மேலே கல்வாழை செழித்துப் பூத்திருந்தது. நீர் நுழையும் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டினேன். ஜல்லிக்கு ஜல்லி இடையே கறுப்பாக, மை போல, அழுகிய முட்டை நாற்றத்தோடு கசடு அடைத்திருந்தது. கையில் எடுத்த கல்லைக் கழுவத் தேய்த்தாலும் வழவழப்புப் போகவில்லை. படிவுத் தொட்டியைத் திறந்து கம்பு விட்டுப் பார்த்தால் முக்கால் ஆழத்துக்குக் கசடு. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அள்ளவில்லை. லாரிச் செலவை மிச்சப்படுத்தியதற்கு விலையாக, படுகை முழுவதையும் வெட்டி எடுத்து, ஜல்லியைக் கழுவி, மறுபடி பரப்ப வேண்டியிருந்தது. எனவே மாதம் ஒருமுறை வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கம்பை விட்டுக் கசடின் உயரத்தைக் குறித்துவையுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியை அழையுங்கள். சாதாரணமாக ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அடியில் சிறிதளவு கசடை, நுண்ணுயிர்கள் மறுபடி பெருகுவதற்கான விதையாக, விட்டுவையுங்கள். அள்ளிய லாரி எங்கே கொட்டியது என்பதற்கு ரசீது வாங்குங்கள், இல்லாவிட்டால் அது இரவோடு இரவாக அதே சதுப்பின் ஓரத்தில் கொட்டப்படலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2023இல் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரையும் அதுவே கொல்லும். இறங்க வேண்டிய தேவையே வராதபடி, ஒவ்வொரு அறைக்கும் மேலே லாரிக் குழாய் நுழையும் அகலத்தில் மூடி வைத்துக் கட்டுங்கள்.

நிலையத்தின் தளமட்டம் ஏரியின் முழு நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் உங்கள் பகுதியில் நீர் எந்த உயரம் வரை நின்றது என்பது சுவர்க் கறையிலும் பெரியவர்கள் நினைவிலும் இருக்கும். அந்த உயரத்தைக் கேட்டுக் குறித்து, தொட்டி மூடிகளை அதற்கும் மேலே எடுங்கள். வெள்ளத்தில் மூழ்கும் நிலையம், இரண்டு ஆண்டுக் கசடை ஒரே இரவில் ஏரிக்குக் கொடுத்துவிடும். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் எதுவும் கழிவுநீர்க் குழாயில் சேரக்கூடாது. ஏரிப் புறம்போக்கில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது ஆக்கிரமிப்பு. அனுமதி பற்றித் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வரைபடம் போடும் கட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

ராம்சர் தளத்தைச் சட்டம் காக்கிறதே, நமக்கு என்ன என்றும் கேட்கிறார்களாம். பள்ளிக்கரணை 2022இல் 1,248 ஹெக்டேர் பரப்போடு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது உண்மை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் அத்தகைய இடங்களில் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதைத் தடைசெய்வதும் உண்மை. ஆனால் அதே விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவைக்கின்றன. பள்ளிக்கரணைக்கு நீர் தரும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரும்பாலானவை அந்த விலக்கில் விழக்கூடியவை. கீழே இருப்பதற்குக் காவல் இருக்கிறது, அதற்கு நீர் அனுப்பும் மேல் ஏரிக்கு அந்தக் காவல் இல்லை. உங்கள் ஏரியில் விழுவது சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவு தாண்டி, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளம் முகத்துவாரம் வரை போகிறது. அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

குழி வெட்டுவதற்கு முன்பே ஒரு வேலையைத் தொடங்கிவிடுங்கள். வரும் மாசியிலும் வைகாசியிலும், பிறகு மழைக்காலத்தில் ஒருமுறையும், வடிகால் ஏரியில் சேரும் வாயிலிலும் கலங்கலுக்கு அருகிலும் நீர் எடுத்து, அம்மோனியா, நைட்ரேட், மொத்த பாஸ்பரஸ் ஆகியவற்றை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த ஆக்ஸிஜனை விடியற்காலை ஐந்தரை மணிக்கும், பி.எச். அளவைப் பிற்பகல் மூன்று மணிக்கும் அந்த இடத்திலேயே கருவி வைத்து எடுங்கள்; இரண்டும் மிக மோசமாக இருக்கும் நேரங்கள் அவை. அந்த எண்களைச் சங்கப் பதிவேட்டில் தேதியோடு எழுதி, பக்கத்துப் பத்தியைக் காலியாக விட்டுவையுங்கள். நிலையம் ஓடத் தொடங்கிய ஆண்டில், அதே இடத்தில் அதே நேரத்தில் எடுக்கும் எண்களை அங்கே எழுத வேண்டும்.